ஆற்றுக்கு ஏறிப் போகும் ஊர்

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஆற்றைப் பார்க்க வேண்டுமென்றால் மேட்டில் ஏற வேண்டும். நகரின் பழைய மையமான ஜாக்சன் சதுக்கத்திலிருந்து மிசிசிப்பி ஆறு கூப்பிடு தூரம்தான். ஆனாலும் தெருவில் நிற்பவர் கண்ணுக்கு அது படாது. கரை மறைத்து நிற்கும். வெள்ளக் காலத்தில் கரைக்கு அப்பால் போகும் சரக்குக் கப்பலின் மேல்தளம் மட்டும் தலைக்கு மேலே நகர்ந்து போவது தெரியும். தண்ணீர் தாழ்வில் ஓடும், மனிதர் மேட்டில் குடியிருப்பார் என்ற வழக்கமான ஏற்பாடு இங்கே தலைகீழாகிவிட்டது. தென் லூசியானா முழுவதும் இப்படித்தான். ஆற்றங்கரைதான் இருப்பதிலேயே உயரம். ஆற்றை விட்டு விலக விலக நிலம் சரிந்து, வயலாகி, காடாகி, சேறாகி, கடைசியில் கடலா தரையா என்று சொல்ல முடியாத நாணல் வெளியாகிவிடும்.

காரணம் எளியது. ஆறு பெருகிக் கரை தாண்டும்போது அதன் வேகம் குறைகிறது. வேகம் குறைந்ததும் சுமந்து வந்ததை இறக்கி வைக்கிறது. கனமான மணல் கரையோரத்திலேயே விழுந்துவிடும். வண்டல் சற்றுத் தள்ளிப் படியும். நுண்ணிய களி மட்டும் தேங்கிய நீரோடு வெகுதூரம் போய்த் தங்கும். இப்படி வெள்ளத்துக்கு வெள்ளம் ஒரு படிவு சேர்ந்து, ஆறு தன் இரு பக்கமும் தானே கரை எழுப்பிக்கொண்டது. 1718இல் பியென்வில் என்ற பிரெஞ்சுக்காரர் நகருக்கு இடம் தேடியபோது தேர்ந்தது வெள்ளம் விட்டுப்போன அந்த மேட்டைத்தான்.

மாநிலத்தின் வடக்குப் பகுதி வேறு மாதிரி. பைன் மரங்கள், தாழ்ந்த குன்றுகள், உறுதியான தரை. அங்கேயும் உயரம் அதிகமில்லை. லூசியானாவின் மிக உயர்ந்த இடமான டிரிஸ்கில் மலையே 163 மீட்டர்தான். அமெரிக்காவின் 50 மாநிலங்களில் இதைவிடத் தாழ்ந்த சிகரம் கொண்டவை ஃபுளோரிடாவும் டெலவேரும் மட்டும். வடக்கை இதோடு விடுகிறேன். என் மனம் தெற்கிலேயே நிற்கிறது, தரை என்றால் என்ன என்ற கேள்வியை அன்றாடம் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கடலோரத்தில்.

அந்தத் தெற்கு முழுக்க ஆறு கொண்டுவந்து போட்ட மண். அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான அமெரிக்காவின் நிலப்பரப்பில் 41 விழுக்காட்டின் நீர் மிசிசிப்பியில் வந்து சேர்கிறது. ராக்கி மலைகளின் கிழக்குச் சரிவில் கரைந்த மண், அயோவாவின் வயல் மண், அப்பலாச்சிய மலைகளின் மேற்குச் சரிவு மண், எல்லாம் ஒரே கலங்கல் நீராகி இங்கே இறங்குகிறது. கடைசிப் பனியுகம் முடிந்து கடல் மட்டம் ஏறுவது தணிந்த பிறகு, சுமார் 7,000 ஆண்டுகளில், இந்த மண்ணால் ஆறு ஒரு கடற்கரையையே எழுப்பிவிட்டது. எழுப்பிய விதம்தான் கவனிக்க வேண்டியது. ஓரிடத்தில் மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கடலுக்குள் நீளும்போது ஆற்றின் பாதை நீண்டு, சரிவு குறைந்து, ஓட்டம் சோர்ந்துவிடும். அப்போது ஏதோ ஒரு பெருவெள்ளத்தில் கரையை உடைத்துக்கொண்டு, கடலுக்குக் குறுக்குவழி ஒன்றைக் கண்டுபிடித்துப் போய்விடும். ஏறத்தாழ ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்படி நடந்திருக்கிறது. இன்று இறால் படகுகள் கட்டிக் கிடக்கும் ஒடுங்கிய நீரோடையான பாயூ லஃபூர்ஷ் ஒரு காலத்தில் மிசிசிப்பியின் பெருவழி. கடலுக்குள் தனித்துக் கிடக்கும் ஷாண்டலூர் தீவுகள் ஆறு கைவிட்டுப்போன ஒரு பழைய கழிமுகத்தின் எச்சம். களி அமிழ்ந்துபோக, அலைகள் சலித்து ஒதுக்கிய மணல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஆக, மண் அமிழ்வதும் அங்கே பழைய செய்திதான். புதிதாகப் படிந்த வண்டலில் பாதிக்கு மேல் தண்ணீர். மேலே சுமை ஏற ஏற அது இறுகும், தாழும். அடுத்த வெள்ளம் வந்து தாழ்ந்ததை நிரப்பிவிட்டுப் போகும். ஒரு பக்கம் மூழ்கிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் எழுந்துகொண்டிருந்தது. கூட்டிக் கழித்தால் எழுந்ததே அதிகம்.

தட்பவெப்பத்தையும் நீரை விட்டுப் பிரித்துச் சொல்ல முடியாது. தெற்கே மெக்சிகோ வளைகுடா. கோடையில் அதன் மேல்நீர் 30 டிகிரி செல்சியஸைத் தொடும். அங்கிருந்து எழும் ஈரம் மே மாதம் தொடங்கி மாநிலத்தின் மேல் கவிந்துவிடும். விடிந்த கொஞ்ச நேரத்திலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பிற்பகலில் மேகம் கறுத்து, இடியோடு கொட்டித் தீர்க்கும். மழை விட்டதும் சாலையிலிருந்து ஆவி எழும், புழுக்கம் இன்னும் கூடும். நியூ ஆர்லியன்ஸில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை. முழுக்க வறண்ட பருவம் என்று ஒன்று கிடையாது. ஓக் மரக் கிளைகளில் சாம்பல் நிறச் சரங்களாகத் தொங்கும் ஸ்பானிஷ் பாசி இந்த ஈரத்தை நம்பித்தான் வாழ்கிறது. அதற்கு மண்ணில் வேர் இல்லை. மழையும் காற்றின் ஈரமும் போதும்.

குளிர்காலம் பொதுவாக மென்மையானது. ஆனால் வடக்கே குறுக்காக நிற்க ஒரு மலைத்தொடர் இல்லாததால், கனடாவில் புறப்படும் கடுங்குளிர் சமவெளி நெடுக இறங்கி வந்துவிடும் நாட்களும் உண்டு. 2025 ஜனவரி 21 அன்று அந்தக் குளிர் வளைகுடாவின் ஈரத்தைச் சந்தித்தது. நியூ ஆர்லியன்ஸில் 20 சென்டிமீட்டர் பனி விழுந்தது. லூசியானாக் கடற்கரைக்குப் பனிப்புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டது அதுவே முதல்முறை.

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். 1957 ஜூனில் ஆட்ரி சூறாவளி தென்மேற்கு மூலையில் உள்ள கேமரன் வட்டாரத்தில் கடலைக் கொண்டுவந்து ஊருக்குள் நிறுத்தியது. 400 பேருக்கு மேல் மாண்டார்கள். 2020 ஆகஸ்டில் லாரா அதே கேமரனில் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் கரையேறியது. ஆறே வாரங்களில் டெல்டா என்ற இன்னொன்று கிட்டத்தட்ட அதே இடத்தில் ஏறியது. கூரைக்குப் போட்ட நீலத் தார்ப்பாயையும் அது பிய்த்துக்கொண்டு போனது. சில பேரழிவுகளுக்குப் பெயர்கூடக் கிடைப்பதில்லை. 2016 ஆகஸ்டில் பேட்டன் ரூஜ் வட்டாரத்தின் மேல் வந்து நின்ற ஒரு காற்றழுத்தத் தாழ்வு பெயர் சூட்டும் அளவுக்கு வலுப்பெறவே இல்லை. வாட்சன் என்ற ஊரில் அது கொட்டிய மழை 797 மில்லிமீட்டர்.

வடக்கிலிருந்து ஆறு, தெற்கிலிருந்து கடல், வானத்திலிருந்து மழை, காலடியில் ஊற்று. நாலா பக்கமும் நீர் சூழ்ந்த இடத்தில் குடியேறிய மனிதன் கரை கட்டியதில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. குழந்தையைக் கட்டிலில் கிடத்திவிட்டுத் தூங்கும் எவரும் கட்டத்தான் செய்வார். பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலேயே முழங்கால் உயரத்துக்கு, இடுப்பு உயரத்துக்கு என்று மண்கரைகள் எழத் தொடங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக்காரர்கள் அடிமைகளின் உழைப்பால் அவற்றை நீட்டினார்கள். பிறகு ராணுவப் பொறியாளர் படை பொறுப்பேற்றது. கரையை மட்டும் நம்பினால் போதும், ஆற்றுக்கு வேறு வடிகால் எதுவும் வேண்டாம் என்பது அன்றைய கொள்கை. இரு பக்கமும் நெருக்கினால் ஆறு வேகமெடுத்துத் தன் படுகையைத் தானே ஆழமாக்கிக்கொள்ளும் என்று நம்பினார்கள்.

1927 வசந்தத்தில் அந்த நம்பிக்கை உடைந்தது. மாதக்கணக்கில் பெய்த மழைக்குப் பின் ஆறு இடம் இடமாகக் கரையை உடைத்தது. ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர் நீரில் மூழ்கியது. ஆறு லட்சம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். வெள்ளம் நியூ ஆர்லியன்ஸை நெருங்கியபோது நகரத்தின் வங்கியாளர்களும் பெரிய மனிதர்களும் கூடி ஒரு முடிவு செய்தார்கள். நகருக்குக் கீழே, கர்னார்வன் என்ற இடத்தில், கரையை வெடி வைத்துத் தகர்த்து ஆற்றைத் திருப்பிவிடுவது. ஆளுநர் இசைந்தார். ஏப்ரல் 29 அன்று வெடித்தார்கள். செயின்ட் பெர்னார்ட், பிளாக்கமின்ஸ் வட்டாரங்களில் மீன்பிடித்தும் கஸ்தூரி எலிக்குப் பொறி வைத்தும் பிழைத்த எளிய மக்களின் வீடுகள் மேல் அந்த நீர் போனது. இழப்பீடு தருவோம் என்று எழுதிக் கொடுத்த வாக்கில் பெரும்பகுதி நிறைவேறவே இல்லை. ஆற்றின் மேற்பகுதியில் வேறு கரைகள் உடைந்துகொண்டதால் நகரம் எப்படியும் தப்பியிருக்கும் என்பது சீக்கிரமே தெரிந்தது. காலம் கடந்து தெரிந்தது.

இந்த நிகழ்ச்சியை லூசியானாவின் நிலவியலிலிருந்து பிரித்து வெறும் அரசியலாகப் படிப்பது பிழை என்று நினைக்கிறேன். கரை என்று ஒன்று வந்தபிறகு, நீர் எந்தப் பக்கம் போகும் என்பது மனிதன் தீர்மானிக்கும் காரியமாகிவிட்டது. அதற்கு முன்பு வெள்ளம் யாரையும் தேர்ந்தெடுத்து மூழ்கடித்ததில்லை.

1928இல் புதுச் சட்டம் வந்தது. கரைகள் உயர்ந்தன, தடித்தன. நகருக்குச் சுமார் 50 கிலோமீட்டர் மேலே, வெள்ள நீரைப் பாஞ்சட்ரெயின் ஏரிக்குத் திருப்ப பானெ காரே என்ற கலுங்கு 1931இல் கட்டி முடிக்கப்பட்டது. சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளம், 7,000 மரச்சட்டங்கள். கிரேன் கொண்டு சட்டங்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்து ஆற்றுக்கு வழிவிடுவார்கள். அன்று தொட்டு அந்த நகரத்தை மிசிசிப்பி ஆறு மூழ்கடித்ததில்லை. பொறியியலாக இது மகத்தான வெற்றி. கரையின் பாதுகாப்பில் எத்தனையோ லட்சம் பேர் நிம்மதியாக வாழ்ந்து முடித்திருக்கிறார்கள். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

அந்த வெற்றியோடு சேர்ந்தே நின்றுபோன ஒன்று இருக்கிறது. வெள்ளம் வராததால் வண்டலும் வரவில்லை. மண் அமிழ்வதோ நிற்கவில்லை. வரவு நின்ற வீட்டில் இருப்பைத் தின்பது போல அந்தக் கடற்கரை தன்னைத்தானே தின்னத் தொடங்கியது.

நகருக்குள்ளும் இதே கதை வேறு உருவில் நடந்தது. ஆற்று மேட்டுக்குப் பின்னால் இருந்த சைப்ரஸ் சதுப்பில் யாரும் குடியிருக்க முடியாது. அங்கே கொசுவும் மஞ்சள் காய்ச்சலும் குடியிருந்தன. 1913இல் ஆல்பர்ட் பால்ட்வின் உட் என்ற நகரப் பொறியாளர் பெருந்திருகு விசைக்குழாய்களை வடிவமைத்தார். சதுப்பை இறைத்து உலர்த்த முடிந்தது. தெருக்கள் நீண்டன, வீடுகள் எழுந்தன. ஆனால் அந்தத் தரையின் பாதி உடம்பு தண்ணீரும் மட்கிய இலைதழையும். நீரை இறைத்ததும் களி சுருங்கியது. காற்றுப் பட்டதும் மட்கியது கரைந்து மறைந்தது. தரை இறங்கியது. இறங்கிய தரையில் மழை இன்னும் அதிகமாகத் தேங்கும். தேங்கினால் இன்னும் இறைக்க வேண்டும். இறைத்தால் இன்னும் இறங்கும். இன்று நகரத்தின் ஏறத்தாழப் பாதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் மேல். அந்த ஆழத்தை இயற்கை தோண்டவில்லை.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரினா சூறாவளி வந்தபோது நகரத்தின் 80 விழுக்காடு மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அன்று வந்த நீர் ஆற்று நீர் அல்ல. புயல் தள்ளிய கடல், ஏரி வழியாக, வடிகால் கால்வாய்களின் வழியாக உள்ளே வந்தது. நகரின் மழைநீரை வெளியேற்ற வெட்டிய கால்வாய்கள் கடலுக்கு வழியாகின. 17ஆவது தெருக் கால்வாயின் சுவர் மீது நீர் வழிந்துகூடப் போகவில்லை. அதற்கு முன்பே அடியிலிருந்த மென்களி வழுக்க, சுவர் நகர்ந்து விழுந்தது. அன்று பெரும்பாலும் நனையாமல் நின்றது எது? 1718இல் தேர்ந்த அந்த ஆற்றங்கரை மேடு. வெள்ளம் கட்டிக்கொடுத்த நிலம் வெள்ளத்தில் நின்றது. வெள்ளத்தை விலக்கிப் பெற்ற நிலம் மூழ்கியது. இந்த ஒரு வரைபடத்தைப் பார்த்துவிட்டு என்னால் வெகுநேரம் வேறெதையும் யோசிக்க முடியவில்லை.

நகருக்கு வெளியே நடந்தது இன்னும் பெரிது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் கணக்குப்படி 1932க்கும் 2016க்கும் இடையே லூசியானாவின் கடலோரம் 4,833 சதுர கிலோமீட்டர் நிலத்தை இழந்தது. இருந்ததில் நான்கில் ஒரு பங்கு. காரணம் கரைகள் மட்டுமல்ல. எண்ணெய்க் கிணறுகளுக்குப் போக நாணல் வெளியைக் கீறி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கால்வாய்கள் வெட்டினார்கள். அவற்றின் வழியே உவர்நீர் உள்ளே ஏறி, நன்னீர்ப் புல்லின் வேரைக் கொன்றது. வேர் செத்தால் சேற்றைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. மேற்கே மிசௌரி ஆற்றில் எழுந்த பேரணைகள் வண்டலைத் தேக்கிக்கொண்டன. 1900 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 40 கோடி டன் வண்டல் இங்கே வந்து சேர்ந்தது. இப்போது வருவது அதில் பாதிகூட இல்லை. இவற்றோடு, வெப்பம் கூடக் கூடக் கடலும் ஏறுகிறது.

மாநிலத்தின் மரம் சைப்ரஸ். நீருக்குள் நின்றபடி, முழங்கால் போன்ற வேர்முடிச்சுகளைச் சுற்றிலும் எழுப்பிக்கொண்டு நூற்றாண்டுக்கணக்கில் வாழும். இவ்வளவு நீரில் வாழும் மரத்தின் விதை நீருக்கு அடியில் முளைக்காது. அது முளைக்க நீர் ஒருமுறை வடிந்து ஈரமண் வெளியே தெரிய வேண்டும். வெள்ளமும் வேண்டும், அது விட்டுப் போகவும் வேண்டும். 1960களில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து கடலுக்குக் குறுக்காக வெட்டப்பட்ட கப்பல் கால்வாய் ஒன்று உவர்நீரைக் கொண்டுவந்து ஆயிரக்கணக்கான ஏக்கர் சைப்ரஸைக் கொன்றது. கத்ரினாவுக்குப் பின் 2009இல் கற்களைக் கொட்டி அதை மூடினார்கள். இலையில்லாத வெள்ளைத் தண்டுகள் பல அங்கே நின்றுகொண்டிருக்கின்றன.

டெரபோன் வட்டாரத்தில் ஐல் டி ஜான் சார்ல் என்று ஒரு தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கள் மண்ணிலிருந்து விரட்டப்பட்ட பூர்வகுடிகள், வேறு யாருக்கும் வேண்டாத இடம் என்பதால் இங்கே அடைக்கலம் புகுந்தார்கள். மாடு மேய்த்தார்கள், தோட்டம் போட்டார்கள், சிப்பி எடுத்தார்கள். 1955க்குப் பிறகு அந்தத் தீவின் 98 விழுக்காடு கடலுக்குள் போய்விட்டது. வட்டாரத்தைச் சுற்றிப் புதிதாக வரையப்பட்ட பெருங்கரைத் திட்டத்தில் தீவு சேர்க்கப்படவில்லை. செலவு கட்டுப்படியாகாது என்றார்கள். 2016இல் மத்திய அரசு 4.83 கோடி டாலர் ஒதுக்கியது. 2022இல் அந்தக் குடும்பங்கள் வடக்கே 60 கிலோமீட்டருக்கு அப்பால் கட்டிய புது வீடுகளுக்குப் போகத் தொடங்கின. புது வீடுகள் உறுதியானவை. அங்கிருந்து கடலுக்குப் போகக் கார் வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே ஓரிடத்தில் நிலம் வளர்ந்துகொண்டிருக்கிறது. அது மனிதன் திட்டமிட்டது அல்ல. மிசிசிப்பிக்கு மேற்கே அச்சாஃபலாயா என்ற ஆறு கடலுக்குக் குறுக்குவழியாக இறங்குகிறது. மிசிசிப்பிக்கு இன்னும் 500 கிலோமீட்டர் போக வேண்டிய இடத்திலிருந்து அச்சாஃபலாயாவுக்கு அந்தத் தூரத்தில் பாதிகூட இல்லை. ஆறு தன் பழைய வழக்கப்படி இருபதாம் நூற்றாண்டிலேயே பாதை மாறத் தொடங்கியிருந்தது. மாறினால் நியூ ஆர்லியன்ஸும் பேட்டன் ரூஜும் அவற்றின் துறைமுகங்களும் ஓட்டம் குன்றிய உவர்நீர்க் கிளையின் மேல் நிற்கும். அதனால் 1963இல் ஓல்டு ரிவர் என்ற இடத்தில் மதகுகள் எழுப்பி, 30 விழுக்காடு நீருக்கு மேல் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று கட்டளையிட்டார்கள். 1973 வெள்ளத்தில் அந்தக் கட்டுமானத்தின் அடியை ஆறு அரித்துவிட்டது. பக்கச்சுவர் ஒன்று இடிந்து விழுந்தது. மயிரிழையில் தப்பினார்கள்.

அதே 1973 வெள்ளம் கீழே இன்னொன்றையும் செய்தது. மார்கன் சிட்டி என்ற சிற்றூரைக் காப்பாற்ற, அச்சாஃபலாயாவிலிருந்து கடலுக்கு 1940களின் தொடக்கத்தில் வேக்ஸ் லேக் வடிகால் என்று ஒரு கால்வாய் வெட்டியிருந்தார்கள். வெள்ளத்தை வெளியே தள்ளுவது ஒன்றே நோக்கம். வெட்டியதோடு மறந்தார்கள். அதன் வாயில் முப்பது ஆண்டுகளாக நீருக்கடியில் சேர்ந்துகொண்டிருந்த வண்டல், 1973இல் தலை தூக்கியது. அதன்பின் வந்த பத்தாண்டுகளில், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் என்று விசிறிபோல விரிந்துகொண்டே போனது. மேட்டில் வில்லோ மரங்கள், தாழ்வில் மஞ்சள் தாமரை. செயற்கைக்கோள் படங்களில் பத்தாண்டுக்கு ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் இலை நரம்பு விடுவதுபோல் கரை விடுகிறது. யாரும் அங்கே கட்டவில்லை, கல் கொட்டவில்லை. ஆற்றை வழிமறிக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

நிலத்தை நாம் ஒரு பொருளாகவே நினைத்துப் பழகிவிட்டோம். அளந்து, வேலி போட்டு, பத்திரம் எழுதி, பிள்ளைக்கு விட்டுப்போகும் பொருள். மலைநாட்டிலும் பாறைநாட்டிலும் ஒருவர் ஆயுளுக்குள் அந்த எண்ணம் பொய்க்காது. தென் லூசியானாவில் அது மூன்று தலைமுறைக்குள் பொய்த்துவிட்டது. அங்கே நிலம் என்பது ஆறு செய்துகொண்டே இருக்கும் ஒரு காரியம். நிறுத்தினால் செய்து வைத்ததும் நிற்காது. நம்மைத் தாங்குவதும் நம்மை அச்சுறுத்துவதும் அங்கே ஒரே நீர்தான். அச்சுறுத்தலை மட்டும் தனியே பிரித்து நிறுத்திவிட்டு, தாங்குவதை வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு நூற்றாண்டுகளாகப் பெரிய அறிவும் பெரும் பணமும் கொண்டு முயன்றார்கள். பிரிக்க முடியாது என்பதை அந்த 4,833 சதுர கிலோமீட்டர் சொல்லிவிட்டது.

இதை ஒப்புக்கொள்வது எளிது. வெள்ளத்தை யார் வீட்டில் வாங்குவது என்ற கேள்விதான் கடினம். ஆறு கொடுப்பது வரப்போகும் தலைமுறைக்கு. அது வாங்குவது இன்று உயிரோடிருப்பவர்களிடம். 2019இல் பானெ காரே கலுங்கை வரலாற்றில் முதன்முறையாக ஒரே ஆண்டில் இருமுறை திறந்தபோது நகரம் நனையவில்லை. ஆனால் அந்த நன்னீர் போய்ச் சேர்ந்த பக்கத்து மாநிலக் கரையில் சிப்பிப் படுகைகள் செத்தன. சிப்பிக்கு உவர்நீர் வேண்டும்.

மிட் பாரட்டாரியா திட்டம் வந்து நின்றது இந்த இடத்தில்தான். பிளாக்கமின்ஸில் ஆற்றின் மேற்குக் கரையைத் திறந்து, மதகு வைத்து, வண்டல் நீரை அமிழும் சதுப்புக்குள் விடுவது. சுமார் 300 கோடி டாலர். 2010இல் நடந்த டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கசிவுக்கான இழப்பீட்டிலிருந்து பணம். 50 ஆண்டுகளில் 50 சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலம் மிஞ்சும் என்று கணக்கிட்டார்கள். 2023 ஆகஸ்டில் வேலை தொடங்கியது. சிப்பிக்காரர்களும் இறால்காரர்களும் எதிர்த்தார்கள். நன்னீர் வந்தால் படுகை போகும், பழுப்பு இறால் போகும், பாரட்டாரியா விரிகுடாவின் டால்பின்களும் தாங்கா என்றார்கள். அவர்கள் சொன்னதைத் திட்டத்தின் சொந்த ஆய்வே ஒப்புக்கொண்டிருந்தது. 2025 ஜூலையில், 50 கோடி டாலருக்கு மேல் செலவழித்த பிறகு, மாநில அரசு திட்டத்தைக் கைவிட்டது. செலவு கூடிவிட்டது, மீனவர் வாழ்வு கெடும் என்று காரணம் சொன்னது.

என் சார்பு ஆற்றின் பக்கம். மதகு திறந்திருக்க வேண்டும் என்றே நம்புகிறேன். ஆனால் அந்த மீனவரின் மறுப்பை அறியாமை என்று பேசுபவர்களோடு என்னால் சேர முடியாது. 1927இல் அவருடைய பாட்டனாரின் வீட்டு மேல்தான் கரையை வெடித்தார்கள். அன்றும் எல்லோருடைய நன்மைக்கு என்றுதான் சொன்னார்கள், அன்றும் இழப்பீடு தருவதாகச் சொன்னார்கள். அந்த வாக்கு தவறியதை அவர் வீட்டில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள் என்றால் அதில் வியப்பென்ன? ஆற்றுக்கு வழிவிடுவது பொறியாளர் மட்டும் தீர்க்கிற கணக்கு அல்ல. கரைக்குள் பத்திரமாக இருப்பவர்கள், கரைக்கு வெளியே இருப்பவர்களுக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்பதும் அந்தக் கணக்கில் ஒரு வரி. அந்த வரியை எழுதாமல் விட்டதால் ஆற்றின் வண்டல் நூறாண்டாக வீணே கடலாழத்துக்குப் போகிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

கர்னார்வனில், 1927இல் வெடி வைத்த அதே இடத்துக்குப் பக்கத்தில், 1991 முதல் ஒரு சிறிய மதகு இயங்குகிறது. உவர்ப்பைத் தணிக்கவே கட்டினார்கள், நிலம் வளர்க்க அல்ல. ஆனாலும் அதன் வாயிலுள்ள பிக் மார் என்ற குட்டையில் வண்டல் தானே படிந்து மேடாகியது. தன்னார்வலர்கள் அந்தப் புதுத் தரையில் இறங்கி சைப்ரஸ் கன்றுகளை நட்டிருக்கிறார்கள். செயின்ட் பெர்னார்டும் பிளாக்கமின்ஸும் கூடும் எல்லையில் அந்தக் கன்றுகள் வளர்கின்றன. அடுத்த மதகுக்கான பேச்சு அங்கிருந்து, அந்த இரு வட்டாரத்து மக்களையும் முதலில் உட்காரவைத்து, பணத்தை முதலில் மேசைமேல் வைத்துத் தொடங்கட்டும்.